வெலிங்டனில் ஒரு ஓபோ ஆசிரியர்: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 26, வெள்ளி: மேட்டுப்பாளையம், குன்னூர்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. நாதஸ்வரக்காரர்கள் நிம்மதியாக ஊரைவிட்டுக் கிளம்ப முடிகிற மாதம் இதுதான். கோயிலில் விடியற்காலைத் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசிக்கும் முறையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். அரையாண்டு விடுமுறை என்பதால் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து புறப்பட்டேன். பதினான்கு வயது. என்னிடம்தான் நாதஸ்வரம் பயில்கிறான்.

வெலிங்டனில் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க ஓபோ வாசித்தவர், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எங்கள் பக்கத்து பேண்டு மாஸ்டர் சொல்லியிருந்தார். கூடவே அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைக் கிளப்பியது: அந்தப் பெரியவர் தன் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் தட்டையை, தானே கட்டிக்கொள்கிறாராம். ஓபோ நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதற்கும் இரட்டைத் தட்டைச் சீவாளி, அதற்கும் மேலே குறுகிக் கீழே விரியும் துளை. ஆனால் உடலெங்கும் வெள்ளிச் சாவிகள், நீளம் சுமார் 65 சென்டிமீட்டர்தான், எங்கள் வாத்தியத்தில் பாதி அளவு சத்தம்கூட இருக்காது. பெரிய மேற்கத்திய இசைக்குழுவில் கச்சேரி தொடங்குமுன் எல்லோரும் சுருதி சேர்ப்பது இந்த ஓபோ கொடுக்கும் ஸ்வரத்தை வைத்துத்தான்.

மலை ரயிலில் போகலாம் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். மேட்டுப்பாளையம் நிலையத்தில் காலை ஆறரைக்குப் போய் நின்றால், நேற்றிரவு மழையில் கல்லாறுக்கு மேலே பாதையில் மண் சரிந்துவிட்டது, ரயில் இல்லை என்றார்கள். பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நாதஸ்வர உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த ஒரு படகர் பாட்டி, வெள்ளைச் சீலை போர்த்தியவர், கையை நீட்டி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குன்னூர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோயில் வாத்தியம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறிய ஒரு பெண் ஊழியர் எங்கள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டார். நீலகிரியில் அதற்குத் தடை. சிரித்துக்கொண்டே வாங்கியதால் யாரும் முணுமுணுக்கவில்லை. பர்லியாரில் டீ பதினைந்து ரூபாய். பையன் கையிலிருந்த பிஸ்கட் குரங்குக்குப் போயிற்று.

கிறிஸ்துமஸ் கூட்டம். அறை வாடகை சாதாரண நாளைப் போல இரண்டு மடங்கு, வெந்நீர் ஒரு வாளி முப்பது ரூபாய் தனி. இரவு குளிரில் சீவாளியை எடுத்துப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டு நின்றது.

டிசம்பர் 27, சனி: வெலிங்டன்

ஐயாவின் வீடு சரிவில் இருக்கிறது. சாலையிலிருந்து முப்பது படி கீழே இறங்க வேண்டும். வாசலில் கேரட் பாத்தி, உள்ளே ஒரே ஒரு பெரிய மேசை. அந்த மேசையைப் பற்றித்தான் இன்று முழுக்க எழுதலாம்.

"வாம்மா. முதலில் வாத்தியத்தை உறையோடு உள்ளே கொண்டுவந்து வை. உடனே எடுத்து ஊதிவிடாதே" என்றுதான் வரவேற்றார். குளிர்ந்து கிடக்கும் மரத்துக்குள் திடீரென்று வாய்ச் சூடும் ஈரமும் போனால் உட்புறம் விரியும், வெளிப்புறம் விரியாது, மரம் வெடித்துவிடும் என்றார். அவருடைய ஓபோவின் மேல் பாகத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. வடக்கே பணியில் இருந்தபோது ஒரு குளிர்காலக் காலையில் அவசரப்பட்டு ஊதியதில் வந்த வெடிப்பு. குறுக்கே மெல்லிய ஊசிகள் இறக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மரம் ஆப்பிரிக்கக் கருமரம், கல்லைப் போலக் கனம். அதற்கே அந்தக் கதி. வாத்தியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம்தான் வாசிக்கத் தொடங்குவாராம்.

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். பதினாறு வயதில் ராணுவத்தில் சேர்ந்தபோது கையில் கொடுத்தது கிளாரினெட். பிறகு மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் இருக்கும் ராணுவ இசைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓபோவுக்கு ஆள் இல்லை என்பதால் மாற்றிவிட்டார்கள். "நான் தேர்ந்தெடுக்கவில்லையம்மா, காலி இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் அதை விட்டு வரமாட்டேன் என்று சொல்லும்படி ஆகிவிட்டது" என்றார். அணிவகுப்பில் நடக்கும்போது ஓபோ வாசிக்க முடியாது. ஒரு அடி அதிர்ந்தாலும் உதட்டிலிருந்து சீவாளி நழுவும், பல்லில் இடித்தால் சீவாளி போயிற்று. ஆகவே நடக்கிற நாளில் அவருக்குக் கிளாரினெட் அல்லது தாளத்தட்டு. உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிகளில் மட்டும் ஓபோ. முப்பது வருடத்துக்கு மேல் இப்படி இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார். தாளத்தட்டு அடித்ததைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை.

சீவாளி அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வரும் பெட்டியில் பாதி உதவாது. மீதியை நம்பி ஒரு வருடம் ஓட்ட முடியாது. பச்மடியில் மூத்தவர் ஒருவர், "கத்தி பிடிக்கத் தெரியாதவன் ஓபோ வாசிக்கத் தெரியாதவன்" என்று சொல்லி, முதல் ஆறு மாதம் வாசிப்பைவிட சீவலைத்தான் அதிகம் செய்ய வைத்தாராம்.

மேசைக்கு வருகிறேன். பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளையும் நாணல், சுண்டுவிரல் பருமன் குழாய்கள், ஒரு தகர டப்பா நிறைய. ஒரு குழாயை மூன்றாகப் பிளந்தார். ஒரு துண்டை எடுத்து உட்புறத்தைக் குடைந்து எடுக்கும் சிறிய பொறியில் வைத்து இழைத்தார். கடைசியில் தடிமன் 0.6 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். அளவு பார்க்கக் கருவி வைத்திருந்தும் முதலில் கட்டைவிரலால் தடவித்தான் பார்த்தார். தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் மடித்து, அச்சில் வைத்து ஓரங்களை வெட்டி, தக்கை சுற்றிய சிறிய உலோகக் குழாயின் மேல் நூலால் இறுக்கிக் கட்டினார். எங்கள் சீவாளியைத் தாங்கும் உலோகக் கெண்டை எப்படியோ இதற்கு அந்தக் குழாய். மடிப்பை வெட்டியதும் இரண்டு தட்டைகள் பிரிந்தன. இடையில் நாக்குப் போல ஒரு மெல்லிய தகட்டைச் செருகினார். பிறகுதான் கத்தி.

நான் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கத்தியை அழுத்துவதே இல்லை. இடது கட்டைவிரல் கத்தியின் முதுகில் நிற்கிறது, வலது மணிக்கட்டு மட்டும் அசைகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் மாவு போலக் கொஞ்சம் தூள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நுனி வெளிச்சத்தை அப்படியே விடுகிறது, நடுப்பகுதி தேன் நிறத்தில் மங்கலாக நிற்கிறது. வலப்பக்கத்து மூலையில் ஒரு சிறிய நிழல். அதைக் காட்டி, "இங்கே இருட்டு இருந்தால் மேல் ஸ்வரம் மூச்சுத்திணறும்" என்றார். மூன்று இழுப்பில் நிழல் போயிற்று. சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினார். கரகரவென்று ஒரு சத்தம். அதிலேயே அவருக்குச் சுருதி கேட்கிறது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி சீவினார்.

"எவ்வளவு நாள் வரும், ஐயா?"

"வாசிப்பில் பத்துப் பதினைந்து மணி நேரம். அப்புறம் அடுத்தது."

அதாவது ஓபோக்காரரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த மேசையில்தான் போகிறது. கச்சேரி கேட்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

மதியம் அந்த வீட்டு அம்மா சோறு போட்டார்கள். பக்கத்து வீட்டுப் படகர் குடும்பம் கொடுத்தனுப்பிய அவரைக்கொட்டை, உருளைக்கிழங்கு குழம்பு. மிளகாய் குறைவு, கொத்தமல்லி வாசம் அதிகம், குளிருக்கு அப்படி இதமாக இருந்தது. பையன் மூன்றாம் முறை கேட்டு வாங்கினான்.

பிறகு நான் வாசித்தேன். வீட்டுக்குள் நாதஸ்வரம் வாசிப்பது அராஜகம் என்று தயங்கினேன். கதவைத் திறந்துவிட்டுத் தோட்டத்தில் நிற்கச் சொன்னார். தோடியில் ஒரு கீற்று. குளிரில் சுருதி இறங்கி நின்றது, மெல்ல மெல்லத்தான் ஏறியது. கேட்டுவிட்டு அவர் பிடித்தது ராகத்தை அல்ல, மூச்சை. "உனக்குக் காற்று போதவில்லை என்று ஓடுகிறாய். எனக்கு எப்போதும் காற்று மிஞ்சும். இந்தச் சந்து வழியே கொஞ்சம்தான் போகும். மீதி உள்ளேயே கெட்டுப்போய் நெஞ்சை அடைக்கும். நான் மூச்சு வாங்குவதற்கு முன் மூச்சை விட வேண்டும்." இரண்டு வாத்தியத்துக்கும் நெஞ்சில் நடக்கும் வேலை இத்தனை வேறு என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு: வெலிங்டன்

விடியற்காலை புல்லின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. குன்னூர் பேருந்து நிலையத்தருகே சுடச்சுட வர்க்கியும் டீயும். வர்க்கியைக் கையில் எடுத்தாலே உதிர்கிறது, டீயில் நனைத்துத்தான் தின்ன வேண்டும் என்று கடைக்காரர் பையனுக்குச் செய்தே காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் வகுப்பு நாள். வந்தவர்களில் பெரும்பாலோர் கிளாரினெட், புல்லாங்குழல். ஓபோ கற்பவள் ஒரே ஒரு பெண், பிளஸ் ஒன் படிக்கிறாள், அருவங்காட்டிலிருந்து நடந்தே வருகிறாள். நல்ல ஓபோ இன்று பல லட்சம் ரூபாய். சொந்தமாக வாங்க வழியில்லாததால் ஐயாவின் பழைய வாத்தியத்தில்தான் பயிற்சி. அவரிடம் படித்தவர்கள் ராணுவம், கடற்படை, போலீஸ் பேண்டுகளில் இருக்கிறார்கள். பெயர்களை அடுக்கும்போது யாருக்கு எந்த ஸ்வரம் தகராறு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் பாட்டே கிடையாது. ஒரே ஸ்வரம். ஒன்று என்றால் கேட்கிறதா இல்லையா என்ற அளவு, ஒன்பது என்றால் முழு வீச்சு. ஐயா எண்களைச் சொல்லச் சொல்ல அவள் ஸ்வரத்தை ஏற்றி இறக்கினாள். பிறகு ஒரு சிறிய சொற்றொடர், அதிலும் ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் எண். மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி இரண்டு. ஸ்வரம் சரியாகத்தான் இருந்தது. எண் தவறியதற்கு நிறுத்தினார். ஐந்துக்குப் போகும்போது நான்கைத் தாண்டிக் குதித்துவிட்டாளாம்.

இந்த முறை மார்செல் தாபுதோவினுடையது என்றார் ஐயா. பிரான்சில் பிறந்து அமெரிக்கா போனவர். 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவின் முதன்மை ஓபோ. 1924 முதல் அங்கேயே கர்டிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியர். அமெரிக்க இசைக்குழுக்களில் பிற்பாடு முதன்மை ஓபோவாக இருந்தவர்களில் எத்தனையோ பேர் அவருடைய மாணவர்கள் அல்லது மாணவர்களின் மாணவர்கள். பச்மடியில் ஐயாவுக்கு யாரோ கைப்பட எழுதிக்கொடுத்த நோட்டின் வழியாக அந்த எண்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த நோட்டை எனக்குக் காட்டினார். பழுப்பேறிய பக்கம், நீல மை, ஓரத்தில் இந்தியில் குறிப்புகள்.

தாபுதோவின் மாணவர் ஜான் டி லான்சியின் கதையைச் சொல்லும்போது மட்டும் ஐயா எழுந்து நின்றார். டி லான்சி போருக்கு முன் பிட்ஸ்பர்க் இசைக்குழுவில் முதன்மை ஓபோ. போரில் அமெரிக்கச் சிப்பாயாக ஜெர்மனிக்குப் போகிறார். 1945இல் கார்மிஷ் என்ற மலையூரில் எண்பது வயதைத் தொட்ட ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸைச் சந்திக்கிறார். உங்கள் படைப்புகளில் ஓபோவுக்கு இத்தனை அழகான பகுதிகள் இருக்கின்றனவே, ஓபோவுக்கென்றே ஒரு கான்செர்ட்டோ, அதாவது இசைக்குழு துணைநிற்க ஒரு வாத்தியம் தனித்து வாசிக்கும் படைப்பு, எழுத எண்ணியதுண்டா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார் பெரியவர். ஆனால் அதே வருடம் எழுதிவிட்டார். 1946இல் சூரிச்சில் அரங்கேற்றம், வாசித்தவர் வேறொருவர். ஊர் திரும்பிய டி லான்சி பிலடெல்பியா இசைக்குழுவில் தன் ஆசானுக்குக் கீழே இளையவராகச் சேர்ந்திருந்தார். தனி வாசிப்பு முதன்மைக் கலைஞருக்கே உரியது என்பது முறை. அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் வாய்ப்பும் கைநழுவியது. 1954இல் ஆசானின் நாற்காலிக்கு வந்தார், பின்னாளில் கர்டிஸின் இயக்குநரும் ஆனார். தான் கேட்டதால் பிறந்த அந்தப் படைப்பை அவர் ஒலிப்பதிவு செய்தது 1987இல்.

"சிப்பாயம்மா, சிப்பாய்! சீருடையில் போய்க் கேட்டிருக்கிறான்" என்றார் ஐயா. அவருக்கு அந்தக் கதை வெறும் தகவல் அல்ல.

பல் போனதைப் பற்றியும் பேசினோம். நாதஸ்வரக்காரருக்கு முன்பல் விழுந்தால் பிழைப்பு விழுந்தது என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். ஐயாவுக்கு முன்பற்கள் நான்கும் கட்டுப்பல். இங்கிலாந்தின் ஓபோ கலைஞர் லியோன் கூசன்ஸ் 1962இல் கார் விபத்தில் பல்லும் உதடும் சிதைந்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு உதட்டைப் புதிதாகப் பழக்கி மேடைக்குத் திரும்பினார். அதைப் படித்த பிறகுதான் தானும் கட்டுப்பல் வைத்துக்கொண்டு ஒரு வருடம் நீள ஸ்வரம் மட்டும் ஊதி மீண்டதாகச் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் பல் போனதும் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்ட மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது.

மாலை என் பையனிடம் ஒரு கத்தியைக் கொடுத்து, வீணாய்ப்போன சீவாளி ஒன்றைச் சீவச் சொன்னார். மூன்றாம் இழுப்பில் நுனி உடைந்தது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் உடைந்தது. ஏழாவது எட்டாவதில் ஒரு சத்தம் வந்தது. பையன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது நெஞ்சில் ஒரு ஆற்றாமை எழுந்தது. கொறுக்கைத் தட்டையில் சீவாளி கட்டுவது நம் காவிரிக் கரையின் கலை. திருவாவடுதுறை, திருவையாறு பக்கம் கட்டித் தருகிறார்கள், நாங்கள் கொத்தாக வாங்கி வாத்தியத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறோம். கட்டுபவர்களை எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் படித்த இசைப் பள்ளியில் வர்ணம் முதல் பல்லவி வரை பாடம் இருந்தது, சீவாளிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. வாத்தியத்துக்கு உயிர் கொடுக்கும் பொருளைச் செய்யத் தெரியாமலே பட்டம் வாங்கிவிடுகிறோம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை, வாத்தியம் செய்யும் ஆச்சாரியின் பட்டறையில் கூடவே இருந்து துளை அளவுகளைச் சோதித்துப் பாரி நாயனம் என்ற பெரிய நாதஸ்வரத்தை உருவாக்கியவர். அந்த வழியில் வந்தவர்களுக்கு இது அடுக்குமா?

டிசம்பர் 29, திங்கள்: கோத்தகிரி

ஐயா சொல்லித்தான் கோத்தகிரிப் பக்கம் போனோம். நீலகிரியிலேயே இரட்டைத் தட்டை வாத்தியம் ஒன்று உண்டு, கோத்தர்கள் வாசிக்கும் கொள். இரும்பு, மரம், மண் மூன்றிலும் கைவேலை தெரிந்த மக்கள். ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். முன்பு தோடர், படகர் சாவுகளுக்கும் இவர்களே வாசித்தார்கள்.

வழியெல்லாம் மழை. ஊர் எல்லையில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி விசாரித்தார். நாதஸ்வரம் என்றதும் முகம் மலர்ந்தது, திண்ணையில் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். ஆனால் வாசித்துக் காட்ட முடியாது என்றார். தெய்வத்துக்கான இசை வேறு, சாவுக்கானது வேறு, நேரம் வராமல் எடுக்கமாட்டோம் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. மல்லாரியைச் சாமி புறப்படாமல் நாங்கள் மட்டும் வாசிப்போமா? பண்டிகைக்கு வாருங்கள் என்று அழைத்திருக்கிறார்.

திரும்பும் பஸ் வர ஒன்றரை மணி நேரம். உடை முழுக்க நனைந்தது. வெந்நீர் இன்று நாற்பது ரூபாய் ஆகிவிட்டது.

டிசம்பர் 30, செவ்வாய்: கேத்தி, மேட்டுப்பாளையம்

கீழ்ப்பாதை இன்னும் திறக்கவில்லை. பையனுக்காக வெலிங்டனிலிருந்து கேத்தி வரை மலை ரயிலில் போய்வந்தோம். இந்தப் பகுதியில் பல்சக்கரத் தண்டவாளம் இல்லை, குன்னூருக்குக் கீழேதான் என்று அவனே எனக்கு விளக்கினான். இருந்தாலும் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையும் கேரட் வயல்களும் பார்த்ததில் குறை தீர்ந்தது.

ஐயாவிடம் விடைபெறப் போனபோது ஒரு சீவாளிக் கொத்தைக் கொடுத்தேன். ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்தில் பார்த்து, நூல் சுற்றிய விதத்தை நகத்தால் எண்ணிப் பார்த்தார். "இதைக் கட்டியவர் கை பெரிய கை. அவரை விட்டுவிடாதே" என்றார்.

மேட்டுப்பாளையம் இறங்கியதும் அந்தக் கைக்குரியவருக்குத்தான் போன் செய்தேன். தை மாதம் முதல் ஞாயிறுதோறும் என் மாணவர்களுக்கு வந்து கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். "இதை யாரம்மா கற்கப் போகிறார்கள்?" என்றார் முதலில். பையன் போனைப் பிடுங்கி, "தாத்தா, நான் எட்டு உடைத்துவிட்டேன்" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு. தட்டையை அவரே கொண்டுவருவார். ஆளுக்கொரு கத்தி சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் கத்தியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு இரும்புக் கடையில் விலை கேட்டோம். ஒன்று தொண்ணூறு ரூபாய், ஆறு எடுத்ததால் எண்பதுக்குக் கொடுத்தார், சாணைக்கல் தனி.